எம்ஜிபியில் ரோவர் வி8 என்ஜின்: எப்படி ஓட்டுவது?

கேள்வி: இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கிறேன். என்னுடையது 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர், கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார். அதன் 1,798 சிசி என்ஜினை இறக்கிவிட்டு, ரோவர் எஸ்டி1 காரின் 3.5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) என்ஜினையும் அதன் ஐந்து கியர் பாக்ஸையும் ஏற்றியிருக்கிறோம். என்ஜினைப் பிரித்து, புது கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டுக் கட்டியது. டிஃபரன்ஷியலும் (பின் அச்சின் பற்சக்கரத் தொகுதி) பிரேக்கும் பழையவை. முன்பு ஓடும்போது 60 பிஎஸ்ஐ காட்டிய ஆயில் பிரஷர் இப்போது 35தான், வண்டி நிற்கையில் ஐடிலிங்கில் 12. ஆர்பிஎம் முள்ளோ எகிறிக்கொண்டு போகிறது. பயமாக இருக்கிறது. எப்படி ஓட்டுவது? ஆகஸ்ட்டில் ஸ்காட்லாந்து போகலாமா?

பதில்: பயப்பட வேண்டாம், என்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது. பழைய என்ஜினின் கணக்கை வைத்துக்கொண்டு புது என்ஜினைப் பார்க்கிறீர்கள்.

ரோவர் வி8 ஆயில் பிரஷர் குறைவாகவே ஓடும் என்ஜின். சூடான பிறகு 2,400 ஆர்பிஎம்மில் 30 முதல் 40 பிஎஸ்ஐ இருந்தால் போதும். ஐடிலிங்கில் 12 என்பதும் கவலைப்பட வேண்டிய அளவு இல்லை. முள்ளை உயர்த்திக் காட்டுவதற்காகக் கெட்டியான ஆயிலை ஊற்றாதீர்கள். நல்ல 20டபிள்யூ-50 போதும், துத்தநாகம் சேர்ந்த வகையாக இருக்கட்டும், புது கேம்ஷாஃப்ட்டுக்கு அது வேண்டும். கவனிக்க வேண்டியது திடீர் இறக்கத்தை. அதே சூட்டில், அதே வேகத்தில் நேற்று 35 காட்டியது இன்று 20 காட்டினால் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள்.

ஆர்பிஎம் மீட்டர் விஷயம் எளிது. அது நாலு சிலிண்டருக்கு அமைத்தது. எட்டு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு இரண்டு மடங்கு தீப்பொறி வருவதால் இரட்டிப்பாகக் காட்டுகிறது. ஐடிலிங்கில் 1,600 என்று காட்டினால் உண்மையில் 800. மீட்டரை மாற்றி அமைக்கும்வரை பாதியாகக் கணக்குப் போடுங்கள். ஸ்பீடோமீட்டரையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம், கேபிளைச் சுழற்றும் கியர் பாக்ஸே மாறிவிட்டது. போனில் ஜிபிஎஸ் வைத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது ஓட்டும் முறை. எம்ஜி நிறுவனமே 1973 முதல் 1976 வரை எம்ஜிபி ஜிடி வி8 என்று இதே 3,528 சிசி என்ஜினை வைத்து 2,591 கார்கள் செய்தது. கென் காஸ்டெல்லோ என்பவர் அதற்கு முன்பே தன் பட்டறையில் இதைச் செய்து காட்டிவிட்டார். அந்த ஜிடி வி8-ன் டார்க் (முறுக்கு விசை) 2,900 ஆர்பிஎம்மில் 193 பவுண்டு-அடி. பழைய என்ஜினுக்கு 110 அளவில்தான். அதனால் என்ஜினை அலறவிட்டு ஓட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 2,000-லேயே மேல் கியருக்குப் போங்கள், கார் தானாக இழுத்துக்கொண்டு போகும். உங்கள் 3.9 விகித டிஃபரன்ஷியலில் முதல் கியர் 5,000 ஆர்பிஎம்மிலேயே 45 கி.மீ. வேகத்துக்குள் முடிந்துவிடும். ஐந்தாம் கியரில் 112 கி.மீ. போனால் 3,000-ஐத் தொடும். ஜிடி வி8-ல் வந்த 3.07 டிஃபரன்ஷியல் போட்டால் அதே வேகத்துக்கு 2,400 போதும். நான் என்றால் இந்தக் காரில் அடுத்த செலவாக இதைத்தான் செய்வேன்.

ஈரச் சாலையில் கூடுதல் கவனம் வேண்டும். பின்னால் இலை ஸ்பிரிங், ஒரே அச்சு, குறுகலான டயர். ரவுண்டபவுட்டில் ஸ்டீயரிங் நேராகும் முன்பே இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்பக்கம் விலகிப்போகும். நின்ற இடத்திலிருந்து வேகமாகக் கிளப்பினால் அச்சு துள்ளும். காலை மெதுவாக வையுங்கள். கம்பி வீல் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். தொழிற்சாலை வி8 கார்களுக்கு அதைக் கொடுக்கவே இல்லை. பிரேக்குக்கும் அவர்கள் தடித்த டிஸ்க்கும் பெரிய காலிப்பரும் வைத்தார்கள். அவை வரும்வரை முன்னால் போகும் வண்டிக்கு இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து உடனே பாருங்கள். ஒருமுறை என் கைக்கு வந்த இதே மாதிரி காரில், ஸ்டீயரிங் தண்டில் பெயின்ட் போய், விரல் அகலத்துக்கு வெள்ளி மாதிரிப் பளபளவென்று ஒரு கோடு. என்ஜின் நிற்கும்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (என்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) அதைத் தொடவில்லை. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் ரப்பர் மவுண்ட்டில் என்ஜின் சாய்ந்து உரசியிருக்கிறது. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

டிராஃபிக்கில் நிற்கும்போது எலக்ட்ரிக் ஃபேன் தானாக ஓடுகிறதா என்று காதால் கேளுங்கள். இது அலுமினிய என்ஜின். ஒருமுறை கொதித்தாலே ஹெட் கேஸ்கெட் போகலாம். வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள், எப்போதும் ஆன்டிஃப்ரீஸ் கலந்தே ஊற்றுங்கள்.

ஸ்காட்லாந்து? முதலில் வீட்டைச் சுற்றி 800 கி.மீ. ஓட்டுங்கள், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் போகாமல். அப்புறம் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். புது ஃபில்டரில் ஆயிலை ஊற்றி நிரப்பிய பிறகே மாட்டுங்கள். பழைய ஆயிலை வடித்துவிட்டு இரவு முழுக்க அப்படியே விட்டுவிடாதீர்கள். இந்த ஆயில் பம்ப் காய்ந்துபோனால் ஆயிலை இழுக்காது. பிறகு பம்ப் மூடியைக் கழற்றி, பற்சக்கரங்களுக்கு நடுவே வாஸ்லைனை அடைத்துத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டியிருக்கும். அதே நாளில் என்ஜின் மவுண்ட், புரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ-வுக்கும் என்ஜின் மாற்றத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள். இவ்வளவு வேலைக்குப் பிறகு எம்ஓடி என்ற வாகனத் தகுதிச் சோதனையையும் ஒருமுறை செய்துகொள்ளுங்கள். ஒரு அந்நியக் கண் அடியில் போய்ப் பார்க்கட்டும். இதெல்லாம் ஜூலைக்குள் முடிந்தால் தாராளமாகக் கிளம்புங்கள், டிக்கியில் இரண்டு லிட்டர் ஆயிலோடு.