வெள்ளம் வந்தால் மாநகராட்சி டெண்டர் இல்லாமலே பம்பு வாடகைக்கு எடுக்குமா?

எடுக்க வழி உண்டு. ஆனால் நீங்கள் பம்பு வாடகைக்கு விடுபவர் என்றால், அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998-இன் 16-ஆம் பிரிவு, அரசு அறிவித்த இயற்கைப் பேரிடர் காலத்தில் அறிவிப்பு, விளம்பர விதிகளுக்கு விலக்குத் தருகிறது. வடகிழக்குப் பருவமழை வருடா வருடம் அக்டோபரில் வருவது, அதை எப்படித் திடீர் அவசரம் என்பது? அதனால்தான் சென்னையில் டீசல் பம்புகளுக்கும் டிராக்டரில் பொருத்திய பம்புகளுக்கும் மழைக்கு முன்பே டெண்டர் விடுகிறார்கள். 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும், அதற்கு மேல் 30 நாள். அறிவிப்பைப் பார்த்த பிறகு, இணையத்தில் டெண்டர் போடத் தேவையான டிஜிட்டல் கையொப்பத்துக்கு அலைந்தால் அந்த நாட்கள் போதாது. தகுதிக்கு ஓர் உறை, விலைக்கு ஓர் உறை என்ற இரு உறை முறை என்றால் முதலில் தகுதி ஆவணங்கள்தான் பிரிக்கப்படும். அதில் ஒரு சான்றிதழ் விடுபட்டால் உங்கள் விலையை யாரும் பார்க்கவே மாட்டார்கள்.

அப்புறம் விலை. பலர் பம்பின் வாடகையை மட்டும் கணக்குப் போடுகிறார்கள். டீசல் யார் பொறுப்பு, இரவு முறைக்குத் தனி ஆள் உண்டா, மழை பெய்யாமல் பம்பு சும்மா நிற்கும் நாளுக்குப் பணம் உண்டா என்று நிபந்தனைகளை வரிவரியாகப் படியுங்கள். உறிஞ்சுகுழாயின் வாயில் பிளாஸ்டிக் பை அடைத்துக்கொண்டால், இடுப்பளவு நீரில் இறங்கி எடுக்க ஓர் ஆள் வேண்டும். அவருடைய கூலியையும் சேர்த்தே விலை போடுங்கள், தயவுசெய்து.