மருத்துவர் பதில்: விடியற்காலை மூன்று மணி விழிப்பு

விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வருகிறது, வேலையில் கவனம் நிலைக்கவில்லை, பைத்தியம் பிடித்துவிடுமோ, மூளையில் கட்டியோ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கப்போவதில்லை. நீங்கள் எழுதியவற்றில் மூளைக் கட்டிக்கான அறிகுறி எதுவும் இல்லை. ஷிப்மென்ட், அதாவது சரக்கு அனுப்பும் நாள், நெருங்கும்போது ‘ஆர்டர் கேன்சலாகிவிடும், எல்லாம் நாசமாகிவிடும்’ என்று மனம் அரற்றுவதும், அளவுப் பட்டியலை நான்கு முறை சரிபார்த்த பிறகும் ஐந்தாம் முறை பார்க்கத் தோன்றுவதும், உங்களைப் போலத் திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் ஆர்டர்களைக் கவனித்து அனுப்பும் மெர்ச்சண்டைசர்கள் பலரிடம் நான் கேட்பவைதாம். நள்ளிரவில் கைப்பேசியில் நோய்ப் பெயர்களைத் தேடிப் படிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

என்னைக் கவலைப்பட வைப்பது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி: ‘நான் இல்லாவிட்டால் வீட்டில் பாரம் குறையும் என்று சில சமயம் தோன்றுகிறது.’ மூன்று வாரங்களாக விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்வதையும், மகளோடு விளையாடுவதில்கூட நாட்டம் இல்லாததையும் இதனோடு சேர்த்துப் பார்க்கும்போது, இது வேலை நெருக்கடியைத் தாண்டி மனச்சோர்வு நோயாகியிருக்கக்கூடும் என்றே கருதுகிறேன். இவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலே சிகிச்சை வேண்டும். அந்த வரியில் உள்ள எண்ணம் வந்துவிட்டால் இரண்டு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. இன்றே உங்கள் மனைவியிடம் அந்த வரியை அப்படியே சொல்லுங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் தோட்டத்துச் சாளையில் (குடிசையில்) இருக்கும் பூச்சிமருந்தையும் அவர் பொறுப்பில் பூட்டி வைக்கட்டும். நாளைக் காலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இருவருமாகச் செல்லுங்கள். இடையில் அந்த எண்ணம் வலுத்தால், எந்த நேரமானாலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

‘ஒரம்பரைக்கு (உறவினர்களுக்கு) தெரிந்தால் மானம் போய்விடும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டியது மருத்துவரின் கடமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே கூறுகிறது.

நண்பருடைய பழைய மருந்துச் சீட்டைக் காட்டி வாங்கித் தினமும் இரவில் விழுங்கும் அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். அது பழக்கத்துக்கு அடிமையாக்குவது; நினைவையும் கவனத்தையும் மழுங்கடிப்பது. கவனம் சிதறுகிறது என்று வருந்துகிற நீங்களே அதைச் சிதறடிக்கும் மருந்தைத் தேடி வாங்குகிறீர்கள். ஆனால் இதைப் படித்ததும் பயந்துபோய் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது, வலிப்பு வரலாம். மருத்துவர்தான் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். அது வரை மதுவை அறவே தொடாதீர்கள்.

வேலையில் கவனம் நிலைக்க வழி கேட்டிருந்தீர்கள். கெட்ட எண்ணத்தை விரட்டிக்கொண்டே இருப்பது வழியன்று. நினைக்கக் கூடாது என்று அடக்கிய எண்ணம் பின்னர் இன்னும் வலுத்துத் திரும்புவதை அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல், ‘வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள்’ என்று சிலரிடம் சொல்லிச் செய்த வெள்ளைக் கரடிச் சோதனையில் காட்டினார். எண்ணம் எழும்போது அதைத் தாளில் எழுதிவிடுங்கள். ‘எல்லாம் போச்சு’ என்று எழுதாமல், ‘நீல நிறத்துக்குப் பையரின் (சரக்கை வாங்குபவரின்) ஒப்புதல் வரவில்லை, காலை பத்து மணிக்குச் சாயப்பட்டறைக்குப் பேச வேண்டும்’ என்று, கையால் செய்யக்கூடிய வேலையாக எழுதுங்கள். அப்படி எழுத முடியாத பயங்களை மாலையில் கால் மணி நேரம் ஒதுக்கி அப்போது மட்டும் யோசியுங்கள். படபடப்பு ஏறினால் நான்கு நொடி மூச்சை இழுத்து, ஆறு நொடி மெதுவாக விடுங்கள். பிற்பகலுக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். இவையெல்லாம் துணைதான், சிகிச்சைக்கு மாற்றாக இவற்றைச் செய்துபார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள்.

மனச்சோர்வு மருந்து தரப்பட்டால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். முதல் வாரத்திலேயே ‘கேட்கவில்லை’ என்று விட்டுவிடாதீர்கள். தைராய்டு பரிசோதனையும் செய்யச் சொல்லலாம், செய்துகொள்ளுங்கள். போகும்போது அந்த அல்பிரசோலம் மாத்திரை அட்டையை எடுத்துச் சென்று, எத்தனை நாளாக, எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.