பிபி அடங்கவில்லை, அட்ரினலில் கட்டி என்கிறார்கள்: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: வயது 42. மூன்று மாத்திரை போட்டும் பிபி 160-க்குக் கீழே இறங்கவில்லை. பொட்டாசியம் நார்மல், அதனால் அட்ரினல் கோளாறு இருக்காது என்றார்கள். சரிதானா?

பதில்: இல்லை. சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும் ஒரு நோய் உண்டு. 1955-ல் ஜெரோம் கான் என்ற அமெரிக்க டாக்டர் விவரித்த முதல் நோயாளிக்குப் பொட்டாசியம் அடிமட்டத்தில் இருந்தது. அந்தப் பாடம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உண்மையில் இந்த நோய் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பொட்டாசியம் நார்மலாகவே இருக்கும். ஆல்டோஸ்டிரோன் அதிகமாகச் சுரந்தால் சிறுநீரகம் உப்பை வெளியே விடாது; கூடவே தண்ணீரும் தங்கி பிபி ஏறும். ஆல்டோஸ்டிரோன், அதைச் சுரக்கத் தூண்டும் ரெனின் இரண்டையும் ரத்தத்தில் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில மாத்திரைகள் ரிசல்ட்டைக் குழப்பும். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: டெஸ்டில் ஆல்டோஸ்டிரோன் அதிகம். அம்மாவுக்கு 55 வயது. சிடி ஸ்கேனில் இடது அட்ரினலில் 1.2 செ.மீ. கட்டி. எடுத்துவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். இந்த வயதில் ஒன்றும் சுரக்காத சும்மா கட்டிகள் நிறைய இருக்கும். கட்டி இடப்பக்கம் தெரியும், ஹார்மோன் வலப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருக்கும்! அதனால்தான் தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, இரண்டு அட்ரினல் சிரைகளிலிருந்தும் தனித்தனியாக ரத்தம் எடுக்கிறோம். வலப்பக்கச் சிரை மிகக் குட்டை, நேராகப் பெருஞ்சிரையில் போய்ச் சேர்வது. பல இடங்களில் அங்கேதான் தடுமாறுவார்கள். குழாய் சரியான இடத்தில்தான் நின்றதா என்பதை அந்த ரத்தத்தில், அட்ரினலின் இன்னொரு ஹார்மோனான கார்டிசாலின் அளவு காட்டிக்கொடுக்கும். இதை அடிக்கடி செய்கிற டாக்டர் இருக்கும் ஊர் தூரமாக இருந்தாலும் போய்வாருங்கள்.

கேள்வி: கத்தியே வைக்காமல், வாய் வழியாகக் கட்டியைச் சுட்டுவிடுகிறார்களாமே?

பதில்: ஆமாம், லண்டனில் செய்திருக்கிறார்கள், முடிவுகள் 2025-ல் வெளிவந்தன. எண்டோஸ்கோப்பி முனையிலுள்ள அல்ட்ராசவுண்டில் கட்டியைப் பார்த்துக்கொண்டே, இரைப்பைச் சுவர் வழியாக ஊசியைச் செலுத்தி, ரேடியோ அலைச் சூட்டில் கட்டியைக் கருக்குகிறார்கள். சுரப்பியின் மீதிப் பகுதி தப்பிவிடும். அதுதான் இதன் அழகு. ஆனால் இரைப்பையை ஒட்டியிருப்பது இடது அட்ரினல் மட்டுமே, வலதுக்கு இந்த வழி இல்லை. அந்த ஆய்வில் செய்துகொண்டவர்களும் 28 பேர்தான். எனக்கு ஆர்வம் உண்டு. ஆனால் இன்று என் வீட்டில் ஒருவருக்கு என்றால் லேப்ராஸ்கோப்பிக்குத்தான் அனுப்புவேன். 1992 முதல் செய்துவருகிறார்கள். மூன்று நான்கு சின்னத் துளைகள். சுரப்பி முழுவதும் போகும், ஆனால் இன்னொன்று நன்றாக இருந்தால் அதுவே போதும். எதைச் செய்வதானாலும் முதலில் அது ஃபியோகுரோமோசைட்டோமா (அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைக் கொட்டும் கட்டி) இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அந்த வகைக் கட்டியைத் தயாரிப்பில்லாமல் தொட்டால் பிபி தாறுமாறாக எகிறும்.

கேள்வி: ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம். இன்னும் ஒரு மாத்திரை போடுகிறேன். தோல்வியா?

பதில்: எத்தனையிலிருந்து ஒன்றுக்கு வந்தீர்கள் என்று பாருங்கள். 2017-ல் வந்த ஒரு பன்னாட்டு ஆய்வில் 94 சதவீதம் பேருக்கு ஹார்மோன் முழுதாகச் சரியானது. மாத்திரையே வேண்டாம் என்ற நிலை 37 சதவீதத்தினருக்குத்தான். பல வருடம் பிபியைத் தாங்கிய ரத்தக்குழாய்கள் உடனே இளகிவிடாது.

கேள்வி: எனக்கு இரண்டு பக்கமும் சுரக்கிறதாம்.

பதில்: அப்படியானால் ஆபரேஷன் பெரும்பாலும் வேண்டியிருக்காது, ஆல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை போதும். ஆண்களுக்கு மார்பு வலிக்கலாம், வீங்கலாம். கூச்சப்படாமல் சொல்லுங்கள், எப்ளரினோனுக்கு மாற்றலாம். இந்த மாத்திரைகள் பொட்டாசியத்தை ஏற்றிவிடலாம், அதனால் அதை அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். முன்பு குறைந்திருந்தது என்று கொடுத்த பொட்டாசியம் சிரப்பை இதோடு சேர்த்துக் குடிக்கலாமா என்று கேட்காமல் குடிக்காதீர்கள். அப்புறம், ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றையும் குறைக்காமல் மாத்திரையைத் திட்டக் கூடாது.