வட்டி போதாது, முதலையும் எடுங்கள்

கேள்வி: எனக்கு 67 வயது, வீட்டு ஆச்சிக்கு (மனைவிக்கு) 63. செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் பூர்வீக வீட்டில் இருக்கிறோம். நான்கு பங்காளிகளில் எங்களுக்கு ஒரு பங்கு. மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதில் பென்ஷன் 3,100 ரூபாய் வருகிறது. காரைக்குடி மனையை விற்று, வரி கட்டியது போக, பழைய சேமிப்பையும் சேர்த்துக் கையில் 70 லட்சம் இருக்கிறது. மாதச் செலவு 32,000. முதலைத் தொடாமல் வட்டியிலேயே காலத்தை ஓட்ட வேண்டும், பிள்ளைகளிடம் கேட்கக் கூடாது. ஆச்சிக்குக் கண்புரை, எனக்குக் காது மந்தம். செலவை யோசித்து இரண்டையும் தள்ளிப்போட்டு வருகிறோம். நண்பர் ஒருவர் மாதம் 2 வட்டி தரும் இடம் சொல்கிறார். பங்காளிகள் கூரை வேலைக்கு எங்கள் பங்காக 6 லட்சம் கேட்கிறார்கள். 70-ல் பீமரத சாந்தி செய்ய ஆசை. வீட்டுப் பங்கை மகன் பேருக்கு இப்போதே எழுதிவிடலாமா?

பதில்: முதலில் அந்த 2 வட்டியை முடித்துவிடுவோம். மாதம் 2 என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதித்த நிதி நிறுவனமே ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது. 1937-ல் காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் ஒரு வங்கியைத் திறந்த மண் உங்களுடையது. 24 வட்டிக்குப் பணம் கேட்பவருக்கு வேறு யாரும் கடன் கொடுக்கவில்லை என்பதை உங்கள் ஊர்ப் பழைய பேரேடுகளே சொல்லும். வேண்டாம்.

அடுத்தது, 'முதலைத் தொடாமல்' என்பது. கடன் கொடுத்து வாங்கும் தொழிலுக்கு அது நல்ல விதி. கடையின் முதல் கரைந்தால் கடை போய்விடும். ஆனால் 67 வயதில் நீங்கள் கடை நடத்தவில்லை. நீங்கள் சொன்ன செலவோடு மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்தால் மாதம் 37,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் அது ஏறத்தாழ 75,000 ஆகும். வட்டி மட்டும் இன்று வருகிற அளவிலேயே நிற்கும். முதலைத் தொடக் கூடாது என்று இருந்தால் மூன்றாம் ஆண்டிலேயே பால் பாக்கெட்டையும் மாத்திரையையும் எண்ணிப் பார்க்கத் தொடங்குவீர்கள். கண்புரையைத் தள்ளிப்போட்டிருப்பதில் அது இப்போதே தொடங்கிவிட்டது.

அதனால் ஐந்தொகையின் (உங்கள் கணக்குச் சுருக்கத்தின்) முதல் வரி 4 லட்சம், வட்டிக்குப் போடாத பணம். அதில் 2.5 லட்சம் கண், காது, குளியலறைக்கு. 1.5 லட்சம் கூரைக்கு.

கண்ணை இந்த மாதமே பாருங்கள். உங்கள் பக்கத்துக்காரர்கள் வழக்கமாகப் போகிற மதுரை அரவிந்தில் இலவசப் பிரிவும் உண்டு, கட்டணப் பிரிவும் உண்டு. எந்த லென்ஸ், என்ன விலை என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். விலை கூடிய லென்ஸ்தான் பார்வைக்கு நல்லது என்று எண்ண வேண்டாம். சாதாரண ஒற்றைக் குவிய லென்ஸோடு ஒரு படிக்கும் கண்ணாடி பெரும்பாலோருக்குப் போதும். காதுக்கு, கடையில் போய் நேராகக் கருவி வாங்காதீர்கள். முதலில் காது மருத்துவரிடம் காட்டி அழுக்கு அடைப்பு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, கேட்புச் சோதனை எடுங்கள். இரண்டு காதும் மந்தம் என்றால் இரண்டுக்கும் கருவி வேண்டும். வாங்கிய பிறகு இரண்டு மூன்று தடவை போய்ச் சத்த அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாததால்தான் பலருடைய கருவி அலமாரியில் கிடக்கிறது. மறதி நோய் பற்றி லான்செட் ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கை, மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைச் சொல்கிறது. கேட்காத காதும், சரிசெய்யாமல் விட்ட பார்வையும், தனிமையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. காது கேட்காதவர் பட்டாலையில் (முன்கூடத்தில்) நாலு பேரோடு உட்காரமாட்டார், அழைத்தாலும் போகமாட்டார். ஆண்டுக்கு 8 சதவீதம் கொண்டுவருகிற எந்தப் பத்திரத்தையும்விட இந்தச் செலவுதான் உங்களுக்கு லாபம்.

குளியலறைக்கு வருவோம். பெரிய வீட்டின் பெரிய சிக்கல், கழிப்பறை பின்கட்டில் இருப்பது. இரவில் வளவை (நடு முற்றத்தை) தாண்டி, இரண்டு மூன்று நிலைப்படி ஏறி இறங்கிப் போக வேண்டும். முன்கட்டிலேயே படுக்கும் அறையையும், அதை ஒட்டி மேற்கத்தியக் கழிப்பறையையும் வைத்துக்கொள்ளுங்கள். இருக்கை தரையிலிருந்து 45 செ.மீ. உயரம் இருக்கட்டும். பக்கச் சுவரில் பிடிகம்பியைச் சுவரைத் துளைத்து, போல்ட் போட்டு முறுக்குங்கள். பசையில் ஒட்டுகிற கம்பி, விழுகிற நேரத்தில் சுவரோடு நிற்காமல் உங்களோடு வந்துவிடும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் பளபளக்க வேண்டுமென்று தேங்காய் எண்ணெய் தேய்ப்பதை நடக்கிற வழியில் மட்டுமாவது நிறுத்துங்கள். நிலைப்படி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரவு விளக்கு. இடுப்பு எலும்பு முறிந்தால் ஆகும் செலவில் இதெல்லாம் சில்லறை.

கூரைக்கு 6 லட்சம் தர வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன் நாட்டு ஓடு மாற்றுவதும், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே நீர் இறங்கும் இடத்தை அடைப்பதும், வளவில் விழும் நீர் வெளியேறும் தூம்பைத் துப்புரவாக்குவதுமே அவசரம். முட்டை வெள்ளைக்கருச் சாந்துப் பூச்சைப் புதுப்பிப்பது ஆசைக்கான செலவு. பங்காளிகளில் ஆசைப்படுகிறவர் தரட்டும். பணம் கொடுக்கும்போது எந்த வேலைக்கு எவ்வளவு என்று எழுதி நான்கு பேரும் கையெழுத்துப் போடுங்கள். இந்த வீட்டை வைத்து வங்கியில் 'தலைகீழ் அடமானம்' வாங்கி மாதப் பணம் பெறலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிரிக்காத பூர்வீகப் பங்குக்கு அது நடக்காது.

மீதம் 66 லட்சம். இதில் 42 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள்: உங்கள் பேரில் 24, ஆச்சி பேரில் 18. ஒருவருக்கு உச்சவரம்பு 30 லட்சம். வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் தேதிகளில் வரும். 42 லட்சத்துக்குத் தவணைக்கு 86,100 ரூபாய். மாதக் கணக்கில் 28,700. திறக்கும் நாளில் இருக்கும் வட்டி ஐந்து ஆண்டுக்கு மாறாது. அதன்பின் மூன்று மூன்று ஆண்டாக நீட்டிக்கலாம்.

பலரும் தவறுவது இங்கேதான். 24 லட்சத்தையும் ஒரே கணக்கில் போட்டுவிடுகிறார்கள். இந்தத் திட்டத்தில் பாதிப் பணம் எடுக்க முடியாது, முழுக் கணக்கையும் மூட வேண்டும். ஒரு வருஷத்துக்குள் மூடினால் வாங்கிய வட்டியைத் திருப்பிப் பிடித்துக்கொள்வார்கள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே 1.5 சதவீதமும், இரண்டு ஆண்டுக்குப் பிறகு 1 சதவீதமும் கழிப்பார்கள். அறுவைச் சிகிச்சைக்கு 5 லட்சம் தேவைப்பட்டு, ஒன்றரை ஆண்டில் 24 லட்சக் கணக்கை மூடினால் 36,000 ரூபாய் போகும். அதையே 6 லட்சம் வீதம் நான்கு கணக்காக வைத்திருந்தால் ஒன்றை மட்டும் மூடலாம், 9,000 ரூபாயோடு முடியும். எனவே உங்களுக்கு நான்கு, ஆச்சிக்கு மூன்று. மாதம் ஒன்றாகத் திறங்கள். வட்டி தானாகச் சேமிப்புக் கணக்குக்குப் போகும்படி எழுதிக்கொடுங்கள். வாங்காமல் விட்ட வட்டிக்கு வட்டி கிடையாது.

9 லட்சத்தை அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் இருவர் பேரிலும் கூட்டாகப் போடுங்கள். 7.4 சதவீதத்தில் மாதம் 5,550. பென்ஷன் 3,100-ஐயும் கூட்டினால் மொத்தம் 37,350 ஆகும். செலவு போக மிஞ்சும் 5,350-ல் காப்பீட்டு பிரீமியம் கட்டுங்கள்.

இன்னொரு 9 லட்சம், உடனே எடுக்கக்கூடிய வங்கி டெபாசிட். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீட்டுப் பாதுகாப்பு உண்டு, அதுவும் வட்டியையும் சேர்த்து. ஆகவே 4.5 லட்சம் வீதம் இரண்டு வங்கி. இதில் 6 லட்சம் மருத்துவமனைக்கு. 3 லட்சம் பீமரத சாந்திக்கு. அதற்கு மேல் போக வேண்டாம். பேரப்பிள்ளைகள் வருகிற நாளாகப் பார்த்து, ஊரைக் கூட்டாமல் செய்யுங்கள். ஆனால் தவறாமல் செய்யுங்கள். வங்கிக் கணக்குகள் எல்லாவற்றிலும் 'இருவரில் எவரும் அல்லது உயிரோடு இருப்பவர்' என்ற முறை இருக்கட்டும். நீங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும்போது கையெழுத்துப் போட முடியாது. அந்த நேரத்தில் ஆச்சி தனியாகப் போய்ப் பணம் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். இப்போதே நான்கு தடவை அவரையே அனுப்புங்கள்.

மீதி 6 லட்சத்தை நிஃப்டி 50 இன்டெக்ஸ் ஃபண்டில் (50 பெரிய நிறுவனங்களின் பங்குகளில் பணம் போடும் நிதியில்) மாதம் 25,000 வீதம் 24 மாதத்தில் போடுங்கள். ஏழு ஆண்டு தொடாதீர்கள். விலைவாசியோடு ஓடக்கூடிய பணம் உங்களிடம் இது ஒன்றுதான். சந்தை விழுந்த ஆண்டில் விற்றால் இதன் பயன் போய்விடும்.

இனி முதலைத் தொடுவது. சாந்திக்கும் முதல் வரிச் செலவுக்கும் போக 63 லட்சம். ஆண்டுக்கு 7.5 சதவீதம் வருமானம், 6 சதவீதம் செலவு ஏற்றம் என்று வைத்து, தேவைக்கேற்ப முதலையும் சேர்த்து எடுத்தால் சுமார் 17 ஆண்டு தாங்கும். உங்களுக்கு 84, ஆச்சிக்கு 80. அதற்குப் பிறகு லாக்கரில் இருக்கும் கழுத்திருவும் (கல்யாணத் தாலி நகையும்) மற்ற நகையும் இருக்கின்றன. அவற்றை இப்போது விற்கவோ அடகு வைக்கவோ வேண்டாம். ஆச்சியின் கடைசிக் காலத்துக்கு அவைதான் பென்ஷன். ஆண்டுதோறும் சித்திரையில் உட்கார்ந்து, வட்டி போதாத தொகை எவ்வளவு என்று பார்த்து, அந்த அளவுக்கு வங்கி டெபாசிட்டிலிருந்து எடுங்கள். அது தீர்ந்தால் ஒரு 6 லட்சக் கணக்கு முதிரும்போது நீட்டிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவக் காப்பீடு: ஆளுக்கு 5 லட்சம், தனித்தனிப் பாலிசி. 2024 ஏப்ரலில் இருந்து, ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் மூன்று ஆண்டு. தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். கோரிக்கை நிராகரிக்கப்பட மறைப்பது ஒரு முக்கியக் காரணம். பில்லில் எத்தனை சதவீதம் நீங்கள் தர வேண்டும், அறை வாடகைக்கு வரம்பு உண்டா, இந்த இரண்டையும் படித்துவிட்டே கையெழுத்து. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், உங்களுக்கு வராது.

வரிக்குக் கவலையில்லை. வட்டியும் பென்ஷனும் சேர்ந்து ஆண்டுக்கு 5 லட்சத்தை ஒட்டித்தான் வரும். புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி இல்லை. ஆச்சி பேரில் போடும் பணம் நீங்கள் கொடுத்தது என்பதால் அதன் வட்டி உங்கள் கணக்கில்தான் சேரும், அப்போதும் வரி வராது. ஆனால் ஏப்ரல் மாதமே வரி வராது என்கிற உறுதிமொழிப் படிவம் கொடுக்காவிட்டால் வட்டியில் 10 சதவீதம் பிடித்துவிடுவார்கள். பிறகு ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும்.

மகனுக்கு எழுதுவது பற்றி: உயில் எழுதுங்கள், சொத்தை இப்போதே மகன் பேருக்கு மாற்றும் செட்டில்மென்ட் வேண்டாம். உயிலை நாளைக்கே மாற்றலாம், பதிவான செட்டில்மென்டை உங்கள் மனம்போல் மாற்ற முடியாது. மகன் வற்புறுத்தி, எழுதியே ஆக வேண்டும் என்றால், உங்கள் இருவர் ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையையும், பராமரிப்பது மகனின் கடமை என்பதையும் பத்திரத்திலேயே எழுத வேண்டும். 2007-ம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ம் பிரிவு, கவனித்துக்கொள்வதாக நிபந்தனை போட்டுக் கொடுத்த சொத்தைத்தான் திரும்பப் பெற உதவும். அப்படியொரு நிலை வந்தால் மனுவை தேவகோட்டைக் கோட்டாட்சியரிடம் கொடுக்கலாம். அங்கே முதலில் பார்ப்பது, அந்த நிபந்தனை வரி பத்திரத்தில் இருக்கிறதா என்பதைத்தான்.