கனடாவில் குடியேறிய ஒருவர் பொலிஸில் சேர்ந்து தலைமைப் பதவி வரை போக முடியுமா?

உங்களுக்கு 29 வயது, பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்து, ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் பிரம்ப்டன் வந்து இரண்டு வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன்.

முடியும். வெகுதூரம் போய் உதாரணம் தேட வேண்டாம். மிசிசாகாவுக்கும் பிரம்ப்டனுக்கும் பொறுப்பான பீல் பிராந்தியப் பொலிஸுக்கு 2019 ஒக்டோபரில் தலைவராக வந்த நிஷான் துரையப்பா இலங்கையில் பிறந்தவர், சிறு வயதில் குடும்பத்தோடு இங்கே வந்தவர். 1995இல் பக்கத்து ஹோல்ட்டன் பிராந்தியப் பொலிஸில் சேர்ந்து, 2015இல் அங்கேயே பிரதித் தலைவரானார். வின்னிபெக்கில் டெவன் குளூனிஸ் இருந்தார். ஜமைக்காவில் பிறந்து, சிறுவனாக வந்து, 1987இல் பொலிஸில் சேர்ந்து, 2012இல் தலைவரானவர். கனடாவின் முதல் கறுப்பினப் பொலிஸ் தலைவர் அவர்தான்.

இந்த இருவரிலும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். சேர்ந்ததிலிருந்து தலைவராக ஒருவருக்கு 24 வருடம், மற்றவருக்கு 25. இரண்டு பேருமே இங்கே பள்ளிக்கூடம் போன பிள்ளைகள். உங்களுக்கு வீணாக ஆசை காட்ட எனக்கு விருப்பமில்லை. முப்பதில் சேர்பவர் தலைவராக வருவது மிகக் கடினம். சார்ஜன்ட், ஸ்டாஃப் சார்ஜன்ட், இன்ஸ்பெக்டர் என்று போவது கைக்கு எட்டாத காரியமல்ல. தெருவில் ஒரு பொலிஸ்காரர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை அன்றாடம் தீர்மானிப்பவர் அவருடைய சார்ஜன்ட்தான். தலைமை என்பதை நான் அங்கிருந்தே எண்ணத் தொடங்குவேன்.

எங்கள் ஆட்களுக்கு முதலில் விளங்காதது இங்கத்தைய ஏணி. இந்தியாவில் ஐ.பி.எஸ். எழுதி நேரே அதிகாரியாக உள்ளே போகலாம். இலங்கையிலும் ஏ.எஸ்.பி.யாக (உதவிப் பொலிஸ் அத்தியட்சகர்) நேரடியாக எடுப்பார்கள். இங்கே அந்தப் பின்கதவு கிடையாது. முதுகலைப் பட்டம் இருந்தாலும் கொன்ஸ்டபிளாகத்தான் தொடக்கம். அந்தப் பதவிக்குள்ளேயே நான்காம் வகுப்பிலிருந்து முதலாம் வகுப்பு வரை ஏற வேண்டும். அதற்குப் பிறகுதான் பதவி உயர்வுப் பரீட்சை, நேர்முகம் எல்லாம். உச்சியில் மட்டும் முறை மாறுகிறது. தலைவரைத் தெரிவு செய்வது பொலிஸ் சேவைச் சபை. உள்ளூர் அரசியல்வாதிகளும் மாகாண அரசு நியமித்தவர்களும் பொதுமக்களும் இருக்கும் சபை அது. வேறு பிராந்தியத்தில் வேலை செய்தவரையும் அவர்கள் கொண்டுவரலாம். துரையப்பா பீலுக்கு வந்தது அப்படித்தான்.

சேர்வதற்கு ஒன்ராறியோவில் குடியுரிமை கட்டாயமில்லை, பி.ஆர். போதும். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடித்திருக்க வேண்டும். தெரிவானவர்களை எயில்மரில் இருக்கும் ஒன்ராறியோ பொலிஸ் கல்லூரிக்கு அனுப்புவார்கள். முன்பு அதற்கு 15,000 டொலருக்கு மேல் கட்டணம். 2023இல் மாகாண அரசு அதை நீக்கிவிட்டது. குடும்பத்துக்குக் காசு அனுப்பிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் வீடுகளில் ஆட்களைத் திணறடிப்பது பின்புல விசாரணை. என் அக்காவின் மகன் விண்ணப்பித்தபோது பார்த்தேன். சாதாரண உடுப்பில் வந்த விசாரணை அதிகாரி சாப்பாட்டு மேசையில் கோப்பை விரித்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்: கிரெடிட் கார்ட் கடன், பழைய முதலாளிகள், ஸ்பீடிங் டிக்கெட், பள்ளிக்கூடச் சிநேகிதர்கள் இப்போது எங்கே என்பது வரை. அறைக்குள் இருந்த அவனுடைய அம்மம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆரைக் கொண்டுபோக வந்திருக்கிறாங்கள்?" என்று மெதுவாகக் கேட்டா. எண்பதுகளில் இலங்கையில் நடந்த சுற்றிவளைப்பில் தன் தம்பியைப் பறிகொடுத்தவ. பேரன் அந்த வேலைக்குத்தான் போகிறான் என்று சொன்னபோது அவவின் முகத்தில் வந்த பயம் எனக்கு விளங்கியது. அந்தப் பயத்தைக் கேலி செய்ய யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அதே காரணத்துக்காகத்தான் எங்கள் பிள்ளைகள் அங்கே இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். கதவைத் தட்டும் பொலிஸ்காரருக்கு அந்த முகம் ஏன் வெளிறுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குக் குடும்பச் சண்டை என்று அழைப்பு வந்தால், அந்தப் பெண் தமிழில் சொல்வதைக் கணவனோ பிள்ளையோ மொழிபெயர்க்கும் நிலை வரக்கூடாது.

தலைவர் எங்களவர் என்பதால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்ப வேண்டாம். 2020 ஜூனில், துரையப்பா பொறுப்பேற்று ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், மிசிசாகாவின் மோல்ட்டன் பகுதியில் மனநல நெருக்கடியில் இருந்த 62 வயது பாகிஸ்தானிய முதியவரை அவருடைய வீட்டிலேயே பீல் பொலிஸார் சுட்டுக் கொன்றார்கள். அந்தத் தெருவில் மக்கள் நாள்கணக்காகப் போராடினார்கள். அதே வருடம் ஒக்டோபரில் பீல் பொலிஸும் அதன் சபையும் ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணையத்தோடு இனப் பாகுபாட்டைக் களைவது பற்றி ஒப்பந்தம் செய்தன. பெரிய பதவிக்குப் போகும்போது இந்தக் கேள்விகள் கூடவே வரும். குடியேறியவர் என்பதால் பொலிஸ் பக்கத்திலிருந்தும் வரும், எங்கள் ஆட்களின் பக்கத்திலிருந்தும் வரும்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது வாகன ஓட்டப் பதிவைச் சுத்தமாக வைத்திருப்பது, கடன்களை ஒழுங்காகக் கட்டுவது, முதலுதவிச் சான்றிதழ் எடுப்பது, ஓடிப் பழகுவது. விண்ணப்பத்தில் எதையும் மறைக்காதீர்கள். சின்ன விஷயத்தை மறைத்ததற்காக நிராகரிக்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதப் பயிற்சி எடுங்கள், அந்த வேலையில் பாதி நேரம் எழுத்துதான். முடிந்தால் ஓய்வு நேரத்தில் ஏதாவது தொண்டு அமைப்பில் சேர்ந்து வேலை செய்யுங்கள், நேர்முகத்தில் அதைக் கட்டாயம் கேட்பார்கள். வீட்டில் யாராவது தடுத்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், அக்காவின் மகனையே உங்களோடு கதைக்கச் சொல்கிறேன்.