கியர் விழாத பழைய ஜீப்: பெட்டியை இறக்கும் முன் சில கேள்விகள்

பத்துக் கேள்வி வந்தால் ஏழில் கியர் பாக்ஸ்மேல்தான் பழி. பெரும்பாலும் அது பாவம், ஒன்றும் செய்யாதது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பொள்ளாச்சியிலிருந்து: மாருதி ஜிப்ஸி, 1.3 லிட்டர், 5 கியர். வண்டி நிற்கும்போது முதல் கியர் விழ மறுக்கிறது, ரிவர்ஸ் கரகரவென்று கத்துகிறது. பெட்டியை இறக்கி சின்க்ரோ ரிங் (கியர் விழும்முன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) மாற்றச் சொல்கிறார்கள். செய்யலாமா அண்ணா?

இப்போதைக்கு இறக்காதீர்கள் தம்பி. முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் வரிசையாகப் போட்டுப் பாருங்கள். அணைத்த வண்டியில் வழுக்கிக்கொண்டு விழுந்து, ஓடும் இன்ஜினில் மட்டும் முரண்டு பிடித்தால், குற்றவாளி கிளட்ச்தான். பெடலை மிதித்தும் அது முழுசாக விலகவில்லை.

அடுத்து, சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஐடிலில் விட்டு, கிளட்ச்சைத் தரைவரை மிதித்து மெதுவாகப் பத்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். பழைய வண்டிகளில் ரிவர்ஸுக்குப் பெரும்பாலும் சின்க்ரோ கிடையாது. அதனால்தான் அது உண்மையைச் சொல்லிவிடும். கிளட்ச் விலகியிருந்தால் அந்தப் பத்து எண்ணிக்கைக்குள் உள்ளே சுற்றும் ஷாஃப்ட் நின்றிருக்கும், கியர் சத்தமில்லாமல் விழும். அப்போதும் கத்தினால் ஷாஃப்டை ஏதோ சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று பொருள்.

ஜிப்ஸியில் கிளட்ச் கேபிள்தான். பெடலைக் கையால் அழுத்தி, கனம் தட்டும்வரை எவ்வளவு சும்மா இறங்குகிறது என்று பாருங்கள். சுமார் 2 செ.மீ. சரி. அதைவிட ரொம்ப அதிகமென்றால் கேபிள் நீண்டிருக்கிறது, அல்லது உள்ளே இழை பிரிகிறது. அட்ஜஸ்ட் செய்ய மரையே மிச்சமில்லையென்றால் புதுக் கேபிள் போட்டுவிடுங்கள். அப்புறம், பெடலுக்கு அடியில் கனமான ரப்பர் மேட் கிடக்கிறதா? சிரிக்காதீர்கள். மேட்டை எடுத்ததும் சரியான வண்டிகள் உண்டு.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் பெடலின் சும்மா ஆட்டம் குறையும், ஏற்றத்தில் வண்டி ஸ்லிப் ஆகும். கியர் விழாததற்கு அது காரணமில்லை. “பிளேட் போச்சு, அதான் கியர் விழல” என்று யாராவது சொன்னால் இன்னொரு பட்டறையையும் கேளுங்கள்.

அதே ஊர், இன்னொருவர்: கேபிள் புதுசு, ஆட்டம் சரி. ஆனாலும் ரிவர்ஸ் கத்துகிறது.

இதற்குத்தான் பெட்டியை இறக்க வேண்டும். ஆனால் பெட்டியைப் பிரிக்க அல்ல. ஃப்ளைவீல், அதாவது இன்ஜின் முனையில் சுற்றும் கனமான சக்கரம், அதன் நடுவில் இருக்கும் சின்ன பைலட் பேரிங் இறுகிப்போயிருந்தால், கிளட்ச் விலகினாலும் அது ஷாஃப்டைப் பிடித்துச் சுற்றிவிடும். அங்கேயே பிளேட் வளைந்திருக்கிறதா, ஷாஃப்டின் பல்வரியான ஸ்ப்ளைனில் தடையில்லாமல் நகர்கிறதா, கிளட்ச்சை விலக்கும் கவையான ஃபோர்க்கில் விரிசல் உண்டா என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள். இறக்கும் கூலி ஒரே தடவையோடு போகட்டும்.

ஊட்டியிலிருந்து: மஹிந்திரா எம்எம்540. குளிர்கால விடியலில் இரண்டாவது கியர் கல் மாதிரி. கொஞ்ச தூரம் ஓடியதும் சரியாகிவிடுகிறது.

சூடானதும் சரியாகிறதென்றால் ஆயிலைச் சந்தேகப்படுங்கள். இரைச்சலை அடக்க யாராவது 140 கிரேடு ஊற்றியிருப்பார்கள். ஊட்டிக் குளிரில் அந்தக் கெட்டி ஆயிலில் சுற்றும் கியரின் வேகத்தைச் சின்க்ரோ ரிங் சட்டென்று பிடித்து நிறுத்த முடியாது. பழசை வடித்துவிட்டு, வண்டிக் கையேட்டில் சொன்ன கிரேடை ஊற்றுங்கள். டப்பாவில் ஜிஎல்-4 என்ற தர எண் இருக்கிறதா பாருங்கள். டிஃபரன்ஷியலுக்கான ஜிஎல்-5 ஆயிலைப் பித்தளை ரிங் உள்ள பெட்டியில் ஊற்றுவது எனக்குப் பிடிக்காது. அதன் வழுக்கலில் ரிங்குக்குப் பிடிப்புக் குறையும், அதிலுள்ள கந்தகச் சேர்மானம் சிலவற்றில் பித்தளையையும் அரிக்கும். வடித்த ஆயில் பால் கலந்தது போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, பெட்டியின் காற்றுத் துளையான பிரீதரைப் பாருங்கள்.

நுவரெலியாவிலிருந்து: டிஃபென்டர், 300 டிடிஐ. கிளட்ச்சை இரண்டு மூன்று தரம் அடித்தால்தான் கியர் விழுகிறது.

பம்ப் அடித்தால் சரியாகிறது என்பதே பாதி விடை. இதில் கேபிள் இல்லை, கிளட்ச் திரவ அழுத்தத்தில் இயங்குகிறது: பெடல் பக்கம் மாஸ்டர் சிலிண்டர், கிளட்ச் பக்கம் ஸ்லேவ் சிலிண்டர். லைனில் காற்று, அல்லது இந்த இரண்டில் ஒன்றில் சீல் போயிருக்கிறது. பெடல் பக்கம் கால் வைக்கும் இடத்தில் ஈரம் இருந்தால் மாஸ்டர். கிளட்ச்சை மூடும் உறையான பெல் ஹவுசிங் பக்கத்தில் ஸ்லேவ் நனைந்திருந்தால் அது. மாற்றிவிட்டு ஏர் எடுங்கள். பழைய ரப்பர் ஓஸ் பெடல் மிதிக்கும்போது உப்புகிறதா என்றும் ஒருவரை மிதிக்கச் சொல்லிப் பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, பம்ப் அடித்தும் பலனில்லை என்ற நிலை வந்தால் ரிலீஸ் ஃபோர்க்கை நினையுங்கள். தகட்டில் செய்த அந்த ஃபோர்க்கைத் தாங்கும் குமிழ், நாளடைவில் அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். இந்த வண்டிகளில் பேர்போன கோளாறு அது. மாற்றும்போது அந்த இடத்தில் பட்டை வைத்து வெல்டு செய்ததைப் போடுங்கள். 300 டிடிஐயில் வரும் ஆர்380 பெட்டிக்குரிய ஆயில் எம்டிஎஃப்94. கெட்டியான 90 ஊற்றினால் குளிரில் ஊட்டிக்காரர் படும் பாடுதான்.

மதுரையிலிருந்து: இன்ஜின் அணைத்திருந்தாலும் கியர் தேட வேண்டியிருக்கிறது. லிவர் கஞ்சியில் விட்ட கரண்டி மாதிரி ஆடுகிறது.

லிவர் அடியில் இருக்கும் புஷ்ஷும் ஸ்பிரிங்கும் போயிருக்கும். மேல்மூடியைக் கழற்றினாலே தெரிந்துவிடும், சில நூறு ரூபாய் வேலை.

தேனியிலிருந்து: மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது மட்டும் கத்துகிறது. மற்றதெல்லாம் வெண்ணெய். சின்க்ரோ ரிங் போச்சு என்கிறார் பட்டறைக்காரர்.

இங்கே பட்டறைக்காரர் சொல்வது சரி, அந்தக் கியரின் சின்க்ரோ ரிங் தேய்ந்துவிட்டது. மலையேறும் வண்டிகளில் முதலில் சாவது இரண்டாவதுதான். காசு சேரும்வரை டபுள் கிளட்ச் போடுங்கள்: மிதித்து நியூட்ரல், விட்டு லேசாக ஆக்ஸிலரேட்டர், மறுபடி மிதித்து இரண்டு.

சிவகாசியிலிருந்து: பழைய சிஜே3பி வாங்கினேன். 3 கியர் பெட்டி. ஓட்டத்தில் முதல் கியர் போட்டால் கத்துகிறது.

அந்த டி-90 பெட்டியில் முதல் கியருக்குச் சின்க்ரோவே இல்லை. வண்டியை நிறுத்திப் போடுங்கள்.

போடியிலிருந்து: சூரியநெல்லி வழியாகக் கொழுக்குமலைக்கு ஓட்டுகிறேன். தார் ரோட்டுக்கு வந்த பிறகு ஃபோர் வீல் லிவர் வெளியே வரவே மாட்டேன் என்கிறது அண்ணே.

ஃபோர் வீல் போட்டால் உங்கள் ஜீப்பில் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். மண்ணில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துவிடும், தாரில் முடியாது. முறுக்கு ஏறி, உள்ளே இரண்டையும் பூட்டும் ஸ்லீவைக் கவ்விக்கொள்ளும். லிவரைக் காலால் உதைக்காதீர்கள், ஃபோர்க் வளையும். நேராகக் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே லிவரை லேசாக இழுங்கள், இல்லையென்றால் ஓர மண்ணில் இறக்கி ஓட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். முறுக்கு விடும்போது சக்கரம் சட்டென்று சுற்றும், கையை அருகில் வைக்காதீர்கள்.