கிணற்று நீச்சலிலிருந்து ஃப்ரீஸ்டைலுக்கு: கேள்வி பதில்

கடலூரில் காலை வேளைகளில் நீச்சல் கற்றுக்கொடுக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

சுரைக்குடுவை கட்டிக்கொண்டு கிணற்றில் பழகியவன் நான். அரை மணி நேரம் சளைக்காமல் மிதப்பேன். ஆனால் 25 மீட்டர் குளத்தில் ஒரு நீளம் ஃப்ரீஸ்டைல் (குப்புறப் படுத்துக் கைகளை மாற்றி மாற்றி வீசும் நீச்சல்) போவதற்குள் இரைக்கிறது. ஏன் அண்ணா? (பண்ருட்டி)

கிணற்றில் தலையைத் தூக்கித்தான் நீந்துவோம். மேலிருந்து எவன் குதிக்கிறான் என்று பார்க்க வேண்டாமா? நானும் அப்படிப் பழகியவன்தான். அதை மறக்க ஒரு கோடை முழுவதும் ஆனது. தலை ஏறினால் இடுப்பும் காலும் இறங்கிவிடும். பிறகு நீங்கள் நீந்துவதில்லை, மார்பால் தண்ணீரைத் தள்ளுகிறீர்கள். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் அதன் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆகவே முதலில் எதிர்ப்பைக் குறையுங்கள், பலத்தைப் பிறகு பார்க்கலாம்.

சுவரை உதைத்து, கைகளை நீட்டி, பார்வையைக் குளத்தின் தரையில் வைத்து, அசையாமல் சறுக்குங்கள். கால் மூழ்கினால் மார்பைச் சற்று நீருக்குள் அழுத்துங்கள். அடுத்து ஒரு நீளத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணுங்கள். 28 என்றால் 25க்குக் கொண்டுவரப் பாருங்கள். எண்ணிக்கையைக் குறைக்கும் ஆசையில் கையை நீட்டியபடியே தூங்கிவிடாதீர்கள். நின்ற உடலை மறுபடி நகர்த்த இரட்டிப்புச் செலவு.

எவ்வளவு இழுத்தாலும் காற்று போதவில்லை. வயது 42. (மஞ்சக்குப்பம்)

அக்கா, நீங்கள் உள்ளே இழுப்பதில் குறையில்லை, வெளியே விடுவதில்தான். மூச்சுக்குத் தவிப்பது பெரும்பாலும் உடலில் கரியமில வாயு சேர்வதால். முகம் நீருக்குள் இருக்கும்போதே குமிழி விட்டுக்கொண்டிருங்கள். தலையைத் தூக்காமல் உடலோடு சேர்த்துத் திருப்புங்கள். ஒரு கண் நீருக்குள்ளேயே இருக்கட்டும்.

ஒரே மூச்சில் 60 தண்டால் எடுப்பேன். ஆனால் ஒல்லியான ஒரு பள்ளிச் சிறுமி என்னை முந்துகிறாள்! (நெல்லிக்குப்பம்)

முந்தட்டும் தம்பி, நல்லதுதான். கெடிலம் கடலில் சேருமிடத்தில் துடுப்புப் போடுபவரைக் கவனியுங்கள். துடுப்பின் அகலம் தண்ணீரை எதிர்த்து நின்றால்தான் படகு நகரும். அந்தச் சிறுமி முழங்கையை உயர்த்தி வைத்து, முன்கையையும் உள்ளங்கையையும் ஒரே துடுப்பாக்குகிறாள். உங்கள் முழங்கை தொய்ந்து முதலில் வழுக்கிப் போகிறது. அத்தனை பலமும் வீண். விரல்களை மூடி, முஷ்டியோடு இரண்டு நீளம் நீந்துங்கள். முன்கை வேலை செய்யத் தொடங்குவது தெரியும். கரையில் தண்டாலைவிடக் கம்பியில் தொங்கி எழுவதும், ரப்பர் பட்டை இழுப்பதும், வயிற்றை இறுக்கும் பயிற்சியும் உதவும்.

மிதவைப் பலகையைப் பிடித்துக் காலை உதைத்தால் நின்ற இடத்திலேயே நிற்கிறேன்.

முழங்காலை மடக்கி சைக்கிள் மிதிக்கிறீர்கள். உதை இடுப்பிலிருந்து வரட்டும், கணுக்கால் தளரட்டும்.

தோள் வலிக்கிறது, தொடரலாமா?

நிறுத்துங்கள். கை தலைக்கு முன்னால் நடுக்கோட்டைத் தாண்டி இறங்குகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். தோளுக்கு நேரே இறங்க வேண்டும். வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

குளத்தில் 400 மீட்டர் நிற்காமல் போகிறேன். தேவனாம்பட்டினம் கடலில் இறங்கலாமா?

தனியாக வேண்டவே வேண்டாம். அந்த வெள்ளிக் கடற்கரையின் அழகைப் பார்த்து ஏமாறாதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்தப் பேச்சே கூடாது. மற்ற நாட்களிலும் கரையோர மீனவர்களிடம் நீரோட்டத்தைக் கேளுங்கள். அவர்கள் தலையாட்டி மறுத்தால் திரும்பிவிடுங்கள். கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துப்போகும் இழுவை நீரில் சிக்கினால் கரையை நோக்கி முட்டி மோதாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறுங்கள். களைத்துவிட்டால் மல்லாந்து மிதந்து கையசையுங்கள். அப்போது உங்களைக் காப்பது உங்கள் பழைய கிணற்று மிதப்புதான்.